பசுவும் வைக்கோலும்: துணைவகையின் இலக்கணம்

நேயர்களுக்கு வணக்கம்.

பொருள்நோக்கு நிரலாக்கம் (ஆப்ஜெக்ட்-ஓரியண்டட் புரோகிராமிங்) கற்பவர்கள் முதல் வாரத்திலேயே இன்ஹெரிட்டன்ஸ் எனப்படும் மரபுரிமையைச் சந்தித்துவிடுகிறார்கள். ஒரே மாதிரியான பொருள்களுக்குப் பொதுவான வார்ப்புதான் கிளாஸ். ‘விலங்கு’ என்றொரு கிளாஸ், அதன் நிரலைப் பெற்று அதிலிருந்து பிறக்கும் ‘பசு’ என்றொரு கிளாஸ். எனவே விலங்கைக் கேட்கும் இடத்திலெல்லாம் பசுவைக் கொடுக்கலாம் என்று பாடம் சொல்கிறது. அந்த ‘எனவே’ என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கிளாஸ், அதிலிருந்து பிறக்கும் சப்கிளாஸ் ஆகிய கருத்துகள் 1960களில் ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் வடிவமைத்த சிமுலா 67 மொழியில் உருப்பெற்றன. நடைமுறை முந்திக்கொண்டது, கோட்பாடு பின்னால் வந்தது. 1984இல் லூகா கார்டெல்லி மரபுரிமைக்குக் கணிதப் பொருள் தந்தார். 1990இல் வில்லியம் குக், வால்டர் ஹில், பீட்டர் கானிங் ஆகியோர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, மரபுரிமை என்பது துணைவகை அன்று என்பதுதான். ஒரு கிளாஸின் நிரலை எடுத்தாள்வது வேறு. அதன் இடத்தில் நின்று பழுதின்றிப் பணியாற்றுவது, அதாவது துணைவகையாக இருப்பது, வேறு.

பசுவுக்கே வருவோம். விலங்குக்கு ‘உண்’ என்றொரு மெத்தட், அதாவது ஒரு செயலுக்கான நிரல்பகுதி, இருக்கிறது; அது எந்த உணவையும் ஏற்கும். பசு வைக்கோல் தின்னும் என்பதால், பசுவின் ‘உண்’ வைக்கோலை மட்டும் ஏற்கட்டும் என்று எழுதுவது மிக இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் கையிலிருப்பது பசு என்று அறியாமல், ஏதோ ஒரு விலங்கு என்றெண்ணி இறைச்சியைக் கொடுக்கும் நிரல் அங்கே முறிந்துபோகும். மாடுகளுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர் விடுப்பில் போனால், எல்லாக் கால்நடைகளுக்கும் வைத்தியம் பார்ப்பவரை அவரிடத்தில் அமர்த்தலாம். மாற்றி அமர்த்த முடியாது. ஆகவே ஒரு மெத்தட் பெற்றுக்கொள்வது துணைவகையில் விரியலாம், சுருங்கக் கூடாது. திருப்பித் தருவதோ சுருங்கலாம், விரியக் கூடாது. மாணவர்கள் முதலில் நம்ப மறுக்கும் விதி இதுதான். நம் உள்ளுணர்வு இதற்கு நேரெதிராக ஓடுவதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஜாவா இந்த விதியை ஓரிடத்தில் தெரிந்தே தளர்த்தியது. ஸ்ட்ரிங்குகளின் (எழுத்துத்தொடர்களின்) அர்ரேயை, அதாவது அடுக்கை, எல்லாப் பொருள்களையும் குறிக்கும் ஆப்ஜெக்டுகளின் அர்ரேயாக நடத்தலாம் என்கிறது அந்த மொழி. மாம்பழக் கூடையைப் பழக்கூடை என்று பெயர்மாற்றிக் கொடுப்பது போன்றது இது: எடுத்துத் தின்பவருக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் ஒருவர் அதில் வாழைப்பழத்தைப் போட வரலாம். அந்த அர்ரேயில் ஓர் எண்ணை வைக்கும் வரியை, நிரலை ஓடுமுன் சோதித்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. நிரல் ஓடும்போது அதே வரியில் அர்ரே ஸ்டோர் எக்செப்ஷன் என்ற பிழை எழுகிறது. எல்லா அர்ரேகளுக்கும் பொதுவான மெத்தட்டுகளை எழுத, 2004இல், ஒரே நிரலைப் பல வகைகளுக்கும் பொதுவாக எழுதவைக்கும் ஜெனரிக்ஸ் வரும்வரை இந்தத் தளர்வு தேவைப்பட்டது. எனினும் அதற்காக ஓடுநேரச் சோதனை என்ற விலையை அந்த மொழி இன்றும் கொடுத்துவருகிறது.

வகைகள் பொருந்தினால் மட்டும் போதுமா? ‘இடு’, ‘எடு’ என்ற இரண்டு மெத்தட்டுகள் கொண்ட கியூவையும் ஸ்டாக்கையும் எண்ணிப்பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் முதலில் வந்தவர் முதலில் போகிறார்; கழுவி அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்ததே முதலில் கைக்கு வருகிறது. கம்பைலரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் நிரலின் விடை மாறிவிடும். பார்பரா லிஸ்கோவும் ஜெனெட் விங்கும் 1994இல் துணைவகைக்கு நடத்தை சார்ந்த வரையறை தந்தபோது கேட்டது இதைத்தான்: மூலவகையைப் பற்றி நிறுவக்கூடிய பண்புகள் துணைவகைக்கும் பொருந்த வேண்டும். அதன்படி, ஒரு மெத்தட் விதிக்கும் முன்நிபந்தனை துணைவகையில் இறுகக் கூடாது. அது உறுதியளிக்கும் பின்நிபந்தனை தளரக் கூடாது. வைத்தியர் விதியே இங்கு வேறு உருவில் வருகிறது.

பெர்ட்ராண்ட் மேயர் வடிவமைத்த ஐஃபெல் மொழி நிபந்தனைகளில் இந்தத் திசையைச் சரியாகப் பின்பற்றியது. ஆனால் மெத்தட் ஏற்கும் வகைகளில் மட்டும், உலகத்தை உள்ளபடி வரைய வேண்டும் என்ற விருப்பத்தால், பசுவை வைக்கோலோடு நிறுத்த அனுமதித்தது. 1989இல் அதிலுள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி, அடைக்கும் வழிகளையும் எழுதிக்காட்டியவர் அதே வில்லியம் குக்.