44ஆம் எண் பேருந்து

நேயர்களுக்கு வணக்கம். மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் நின்று அழகர்கோவிலுக்கு எந்த வண்டி என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் 44 என்று பதில் வந்துவிடும். வைகையைக் கடந்து கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக, ஏறத்தாழ 21 கிலோமீட்டர் ஓடி மலையடிவாரத்தைச் சேரும் இந்தத் தடம், சித்திரையில் கள்ளழகர் மதுரைக்கு இறங்கி வரும் அதே சாலைதான். அவர், பக்தர்கள் வரவேற்று வழிபடும் மண்டகப்படிதோறும் நின்று வருவார். பேருந்துக்கு நிறுத்தங்கள் சற்றுக் குறைவு.

வண்டியின் பக்கவாட்டில் எழுதிய பெயர்தான் அடிக்கடி மாறியது. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997இல், கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அமைந்ததையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டதும், மாநிலத்தின் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. அத்தோடு பாண்டியனும் இறங்கிக்கொண்டார்.

பயணிகளை உண்மையில் பாதித்தது பெயரன்று, நிலையங்களின் இடமாற்றமே. 1999இல் மாட்டுத்தாவணி நிலையம் திறக்கப்பட்டு வெளியூர் வண்டிகள் நகரின் நடுவிலிருந்து அங்கே போனபின், திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டிய அப்பன்திருப்பதிக்காரர், பெரியார் நிலையம் வரை வராமல், வழியிலேயே இறங்கி வேறு வண்டி பிடிக்கப் பழகிக்கொண்டார். அடுத்து, சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்துக்காகப் பெரியார் நிலையமே இடிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் புதிய கட்டடம் திறக்கும் வரை, நகரப் பேருந்துகள் சுற்றுத் தெருக்களில் நின்றன. கொய்யாக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் வண்டி இன்றைக்கு எந்த முனையில் நிற்கிறது என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டு போன ஒரு மூதாட்டியை நான் பார்த்திருக்கிறேன். கட்டட வேலையின் சுமையில் ஒரு பங்கு அந்தக் கூடையிலும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

அதே 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. காலை நடைகளில் கூடைகளோடு ஏறும் பெண்கள் அதுமுதல் சில்லறை தேடுவதில்லை. ஆனால் சாதாரண வண்டிதானா என்று பார்த்து ஏற வேண்டியிருப்பதால், பின்னால் வருவதற்காகக் காத்திருப்பவர்களும் உண்டு.

சித்திரையில் மட்டும் கால அட்டவணை செல்லாது. அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் மூன்றுமாவடியில் கூட்டம் திரண்டுவிட்டால், போக முடிந்த இடம் வரை போய் நடத்துநர் விசில் ஊதிவிடுவார். எஞ்சிய தொலைவுக்கு நடைதான்.