காமா செஃபியும் அதன் கோளும்

நேயர்களுக்கு வணக்கம்.

சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், 1995-ஆம் ஆண்டையும் மயோர், குவெலோ என்ற இரண்டு பெயர்களையும் சொல்வார்கள். 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நியாயமான பரிசு, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்பே கனடாவில் மூன்று பேர் ஒரு கோளின் தடத்தைப் பார்த்துவிட்டார்கள். புரூஸ் கேம்ப்பெல், கார்டன் வாக்கர், ஸ்டீவன்சன் யாங். அந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது.

நட்சத்திரத்தின் பெயர் காமா செஃபி. சுமார் 45 ஒளியாண்டு தொலைவு. அதன் கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. கோள் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரமே கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தைத்தான் அளந்தார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் குரல் தணியும், இல்லையா? ஒளியிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. நட்சத்திர ஒளியை வானவில்லாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும், நட்சத்திரம் ஆடும்போது அந்தக் கோடுகள் இம்மி நகரும். காமா செஃபி கோளின் இழுப்பில் ஆடும் வேகம் மணிக்கு வெறும் 100 கிலோமீட்டர். ரயில் வேகம்தான்! அதை 45 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அளக்க வேண்டும்.

அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நட்சத்திர ஒளியை ஒரு வாயு வழியாக அனுப்பினால், வாயுவும் தன் கருங்கோடுகளை அந்த ஒளியில் பதித்துவிடும். நகராத அந்தக் கோடுகளை வைத்து, நகரும் நட்சத்திரக் கோடுகளை அளக்கலாம். அவர்கள் பிடித்த வாயு எது தெரியுமா? ஹைட்ரஜன் ஃபுளோரைடு. கண்ணாடியை அரிக்கும், தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். கண்ணாடி ஜன்னல் தாங்காது என்று, வாயுவை அடைத்த குப்பிக்கு நீலக்கல் படிகத்தில் ஜன்னல் வைத்தார்கள். குப்பியை 100 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். தொலைநோக்கி இருந்ததோ ஹவாயில் மவுன கேயா மலை மேல், 4200 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். அங்கே இருட்டில் இந்த விஷத்தோடு வேலை! கோள் தேடுவது என்றால் ஏதோ கம்ப்யூட்டர் முன் சாய்ந்து உட்காருவது என்று நினைப்பவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரி, அளந்தார்கள். அங்கேதான் சிக்கல். காமா செஃபி தனி நட்சத்திரம் இல்லை. அதற்கு ஒரு சிறிய சிவப்புத் துணை உண்டு. சுற்றிவர 66 ஆண்டுக்கு மேல் ஆகும். துணை இருப்பதே இவர்கள் அளந்த பிறகுதான் தெரிந்தது. துணையின் இழுப்பில் வேகம் மெதுவாக, வருடக் கணக்கில் மாறிக்கொண்டே போனது. அதன்மேல் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சின்னதாக ஓர் அலை. 1988-இல் அதைக் கோளாக இருக்கலாம் என்றார்கள். 1992-இல் அவர்களுக்கே சந்தேகம் வந்தது. காமா செஃபியை அப்போது ராட்சத வகை, அதாவது வயதாகி ஊதிப் பெருத்த நட்சத்திரம், என்று எண்ணியிருந்தார்கள். அது சுழலும்போது மேற்பரப்பில் வரும் மாற்றமே கோள்போல ஏமாற்றுகிறதோ என்று பின்வாங்கினார்கள். நிரந்தர வேலை கிடைக்காமல் கேம்ப்பெல் வானியலையே விட்டு, வரி ஆலோசகராகப் போய்விட்டார்.

2003-இல் ஹாட்செஸ் என்ற வானியலாளரின் குழுவினர் டெக்சஸின் மெக்டொனால்டு ஆய்வகத்து அளவுகளைக் கனடாக்காரர்களின் பழைய அளவுகளோடு சேர்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாகியும் அதே இரண்டரை ஆண்டு அலை, தாளம் தவறாமல். நட்சத்திரத்தின் மேற்பரப்பில் அதற்கு ஈடான மாற்றமும் இல்லை. ஆகவே கோள்தான், அதுவும் வியாழனைவிடப் பெரியது. இரட்டை நட்சத்திரம் என்றால் பொறுமைதான் பெரிய கருவி, தொலைநோக்கி அப்புறம்தான் என்பது என் கட்சி. பழைய அளவுகளை யாராவது தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னும் ஒரு நிமிடம்தான் என்று கை காட்டுகிறார்கள். அந்தக் கோள் அங்கே எப்படிப் பிறந்தது என்பதற்கே அரைமணி நேரம் வேண்டும். துணை நட்சத்திரம் நெருங்கும்போது, நம் சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரத்தைவிடச் சற்று அதிகத் தொலைவுதான். அந்த நெருக்கத்தில் கோள் உருவாகும் தூசித் தட்டு சிதையாமல் நின்றதே ஆச்சரியம். அதை இன்றும் விவாதிக்கிறார்கள். கோளுக்கு இப்போது தட்மோர் என்று பெயர், சிரியாவின் பழைய பால்மைரா நகரத்தின் பெயர்.

வெறும் கண்ணுக்கே காமா செஃபி தெரியும். நவம்பர் நடுவில் இரவு எட்டு மணி வாக்கில் வடக்கே பாருங்கள். அடிவானத்தை ஒட்டித் துருவ நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த ஒரு முஷ்டி அகலத்துக்குச் சற்று அதிகமாக, அதற்கு நேர் மேலே இருக்கும். நமக்கு அது மழைக்காலம், மேகம் இல்லாத இரவாகப் பார்த்து மொட்டைமாடிக்குப் போங்கள். தெரு விளக்கு கண்ணைக் கூசவைக்கும் பக்கமாக நிற்காதீர்கள்.