வீதியில் போட்ட மாலையா, கொடியில் காய்ந்த சாரமா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். போர் ஓய்ந்த நாளென்றால் மனதில் நிற்பது வீதிக் கொண்டாட்டமா, வீட்டுக்குள் நடந்ததா என்பது கேள்வி. வீட்டுக்குள் நடந்ததுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எங்களை லண்டனுக்கே கூட்டிப்போனார். 1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த நாள், அரண்மனை வாசலில் சனக்கடல், கூட்டத்தோடு கூட்டமாக நடந்த இளவரசி எலிசபெத். அழகாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருடத்துக்கு வரவில்லையே ஐயா! சண்டைக் காலத்தில்கூடப் பாணுக்குப் பங்கீடு போடாத பிரிட்டன், கொண்டாடி முடித்த பிறகு, 1946 ஜூலையில் பாணுக்கும் போட்டது. பங்கீடு முழுதாக ஒழிய 1954 ஆனது. அங்கே அடுப்படியில் நின்ற ஒரு தாயைக் கேட்டால் எந்த நாளைச் சொல்லியிருப்பார்? சங்கக்கடை வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

சரி, லண்டன் இருக்கட்டும். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய இராணுவம் வந்திறங்கியபோது இதே யாழ்ப்பாணம் மாலை போட்டது. இன்றைக்கு அதைச் சொல்ல யாருக்காவது வாய் வருகிறதா? ஒக்டோபர் 10இல் அதே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை. மாலை கட்டிய நார்கூட மக்கியிருக்காது.

என் கதை 2002. பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் கண்டி வீதி, ஏப்ரல் 8இல் திறந்தது. பள்ளிக்கூடப் பையன் நான், சைக்கிளில் கண்டி வீதிக்குப் போய் வந்த வாகனங்களுக்கெல்லாம் கை காட்டினேன். எத்தனை பஸ், என்ன நிறம், ஒன்றும் நினைவில்லை. தொண்டை கட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் மாமா வந்தார். 1995இல் இராணுவம் முன்னேற யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்கள் சாவகச்சேரியோடு நின்று திரும்பியவர்கள். அவர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து, புலிகளின் கையிலிருந்த வன்னிக்குப் போனவர். அம்மம்மா அழவில்லை. "கிணத்தடிக்குப் போய் முதல்ல குளிச்சிட்டு வா" என்றார். தகரப் பெட்டியைத் திறந்து மாமா இடுப்பில் கட்டும் பழைய நீலச் சாரத்தை எடுத்தார். ஆறு வருடமாகப் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்திருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாமா அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது மடிப்புக் கோடுகள் அப்படியே நின்றன. வீடெல்லாம் அந்த நெடி. அம்மா சிரித்தார், பிறகு சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

"அது வெறும் ஓய்வுதானே, போர் எங்கே முடிந்தது?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மறுபடி அடைபட்டது உண்மைதான். ஆனால் அந்த நாலு வருடமும், மாமா வந்தாலும் வராவிட்டாலும், சாரம் கொடியில்தான் கிடந்தது. பாதை பூட்டிய பிறகு அம்மம்மா அதைத் தோய்த்துக் காயப்போட்டார். ஊரடங்கு தளர்ந்த ஒரு காலை, ஊரே அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நிற்க, என்னைக் கடைக்கு அனுப்பினார். பூச்சி உருண்டை வாங்கி வர.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன்.