பக்கத்தில் இருப்பவரின் மனம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குரோன் நோய் உள்ள ஒருவருக்குத் துணையாக வாழ்வதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பதினோரு ஆண்டுகளாக இந்த நோயுடன் வாழும் ஒரு பெண்ணின் கணவன். அவரைப் பற்றி இங்கே சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் அவரிடம் முன்பே படித்துக் காட்டிவிட்டேன். இரண்டு பத்திகளை வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. குடல் நோய் என்றாலே கூச்சமும் அந்தரங்கமும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. உடனிருப்பவர் தம் மனப்பாரத்தை இறக்கிவைக்கும்போது, நோயாளியின் அந்தரங்கத்தையும் சேர்த்துக் கொட்டிவிடக் கூடாது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி, உணவுப்பாதையில் அழற்சியை உண்டாக்கி, அதை அணையாமல் வைத்திருக்கிறது. வாயிலிருந்து மலவாய் வரை எங்கும் வரலாம்; சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் அதிகம். குடற்சுவரின் முழுத் தடிமனிலும் அழற்சி பரவுவதால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம், சீழ்க்கட்டி வரலாம், குடலிலிருந்து தோலுக்கோ பக்கத்து உறுப்புக்கோ புரைவழி திறக்கலாம். பெரும்பாலும் இளமையில் தொடங்குகிறது. தொற்றாது. மருந்தால் அடக்கலாம், வேரோடு நீக்க இன்றுவரை வழியில்லை. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும்; பிறகு ஒரு நாள் கிளர்ந்தெழும்.

உடனிருப்பவரை அரிப்பது அந்தக் கடைசி வாக்கியம்தான். வலியைக் கண்ணால் பார்ப்பது கொடுமை என்றாலும், அதற்கு நேரம் ஆக ஆக மனம் ஒருவாறு பழகிக்கொள்கிறது. வலி இல்லாத நாளில் அது எப்போது வரும் என்று காத்திருப்பதற்கு மனம் பழகுவதே இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் நான் அப்படித்தான் கழித்தேன். இரவில் கழிவறைத் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டால் விழித்துக்கொள்வேன். எத்தனையாவது முறை, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், தண்ணீர் ஓடும் ஓசை எப்போது கேட்டது என்று இருட்டில் கிடந்தபடி எண்ணுவேன். காலையில் எழுந்ததும் ஒரு சிறிய நோட்டில் நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்துவைப்பேன். மருத்துவரிடம் காட்ட உதவும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருத்துவர் ஒருபோதும் அதைக் கேட்கவில்லை.

ஒரு நாள் அந்த நோட்டு என் மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் எனக்குக் கணவர் இருக்கிறாரா, காவல்காரர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் நன்றாக இருக்கும் நாளிலும் உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நோய் ஞாபகம் வருகிறது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்காகக் கவலைப்படுவதாக நினைத்து, என் பயத்தை அவர் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தம் வலியோடு என் பயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை அவருக்கு. வலியை என்னிடமிருந்து மறைக்க அவர் தொடங்கியதும் அதனால்தான் என்று பின்னர் தெரிந்தது.

நோட்டை விட்டுவிட்டேன், பயத்தை அப்படி விட முடியவில்லை. பயத்துக்கு ஓர் எல்லை வகுக்கத்தான் முடிந்தது. அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது, "நாங்கள் எப்போது பயப்பட வேண்டும்?" என்று நேராகவே கேட்டேன். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் பிரியாமல் போனால் குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே வர வேண்டும் என்றார். குளிருடன் கூடிய காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, வழக்கத்துக்கு மாறான கடும் வலி ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது என்றார். மற்றவற்றைத் தொலைபேசியில் கேட்கலாம், அல்லது அடுத்த சந்திப்பு வரை பொறுக்கலாம். இது அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப மாறக்கூடியது என்பதால், உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் எனக்குத் தந்த தூக்கத்தை வேறெதுவும் தரவில்லை. அதில் இல்லாத எதற்காகவும் இரவில் விழித்திருக்கத் தேவையில்லை என்று அறிவு அறிந்த பிறகு, மனமும் மெல்ல மெல்ல அதைப் பின்தொடர்ந்தது.

வீட்டுக்குள்ளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். "எப்படி இருக்கிறது?" என்று நான் ஒரு நாளில் ஐந்தாறு முறை கேட்பதை நிறுத்துவேன், அதற்கு ஈடாக அவர் காலையில் தாமாகவே ஒரு சொல் சொல்லுவார். 'பரவாயில்லை' என்றால் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். 'சுமார்' என்றால் அன்றைய வேலைகளைக் குறைத்துக்கொள்வோம். 'முடியவில்லை' என்றால் வெளியே போகும் திட்டங்களை நானே தொலைபேசியில் ரத்து செய்துவிடுவேன். அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், நான் துருவாமல் நம்ப வேண்டும். இரண்டும் எளிதல்ல. இரண்டாவதில் நான் இன்னும் சில வேளை தவறுகிறேன்.

அடுத்து, துக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூன்று மருத்துவர்கள் 14 நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்து எழுதினார்கள். நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பி வரும் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. மருத்துவ உலகம் ஆண்டுகள் பல கழித்துக் கற்றுக்கொண்டதை, நான் என் மனைவியின் அறுவைக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். குறுகிப்போன சிறுகுடல் பகுதியை எடுத்தார்கள். அவர் தேறி வந்தார், எடை கூடினார், சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். திரும்ப வரலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, குடலை இணைத்த இடத்துக்கு அருகிலேயே புண்கள் இருப்பதாக, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனையின் அறிக்கை வந்தபோது, என் மனைவி அமைதியாக இருந்தார். நான்தான் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அழுதது எதற்காக என்று எனக்கே விளங்கவில்லை. அவர் உயிருடன், என் பக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரை இழந்தேன் என்று துக்கப்படுவது? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர், முடிவு தெரியாத இத்தகைய துக்கத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எங்கள் நிலைமை அவர்களுடையதைப் போன்றதன்று. ஆயினும் அந்தப் பெயர் எனக்கு உதவியது. நான் இழந்தது மனைவியை அன்று. நாங்கள் இருவரும் சேர்ந்து வாழப்போவதாக நினைத்திருந்த ஒரு வாழ்க்கையை. அதற்காக அழலாம் என்று அனுமதித்துக்கொண்ட பிறகுதான், கிடைத்திருக்கும் வாழ்க்கையை ஏறெடுத்துப் பார்க்க முடிந்தது.

கோபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே நான் பேசுகிறேன். நோய் கிளர்ந்தபோது என் மனைவிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு குறைந்தது, ஆனால் தூக்கம் போயிற்று, முகம் வீங்கியது, ஒரு குவளை இடம் மாறியிருந்தாலும் வெடித்தார், அடுத்த கணம் அழுதார். அந்த மருந்துக்கு மனநிலையைக் குலைக்கும் தன்மை உண்டு என்பதை யாராவது முன்பே என்னிடம் சொல்லியிருந்தால், அந்த ஆறு வாரங்களின் சொற்களில் பாதியை நான் மனத்தில் வாங்கியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அவருடைய கோபத்துக்கு மருந்து காரணம். என்னுடைய கோபத்துக்கு? எனக்கு நோயின் மீது கோபம் இருந்தது. நோய்க்கு முகம் இல்லாததால் அது அவர் மீது திரும்பியது. பல மாதங்கள் எதிர்பார்த்திருந்த ஒரு பயணம் கிளம்பும் காலையில் ரத்தானபோது, "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தேவைக்கு அதிகமான ஓசையுடன் அலமாரியில் ஏற்றினேன். அவருக்குப் புரியாமல் இல்லை. ஏமாற்றத்தை அப்படி ஓசையால் சொல்வதைவிட, "எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது, உன் மீது அல்ல" என்று வாயால் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நோயாளிகள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள். பொய்யான பொறுமைதான் அவர்களை அதிகம் காயப்படுத்துகிறது.

குற்ற உணர்வு இன்னொன்று. நாங்கள் சண்டையிட்ட வாரத்தில் நோய் கிளர்ந்தால், என்னால்தான் வந்தது என்று நான் உள்ளுக்குள் குமைந்ததுண்டு. குடல் அழற்சிக்கு மனமே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். மன அழுத்தம் இந்த நோயை உண்டாக்குவதில்லை, அறிகுறிகளைக் கூட்டலாம். மரபணு, நோய் எதிர்ப்பு மண்டலம், குடல்வாழ் நுண்ணுயிர்கள், புகைபிடித்தல் போன்ற புறக்காரணங்கள் எனப் பல சேர்ந்து இழைக்கும் நோயை, ஒரு மாலை நேரத்து வாக்குவாதத்தின் மீது சுமத்துவது நியாயமில்லை. சண்டை வராத வீட்டிலும் நோய் கிளர்கிறது. சண்டைக்குப் பயந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் வீட்டில் வேறொரு நோய் வளர்கிறது.

தாம்பத்திய நெருக்கத்தைப் பற்றிச் சொல்லச் சிறிது தயக்கமாக இருக்கிறது. ஆயினும் விட்டுவிட மனம் வரவில்லை. வலி, ஓயாத சோர்வு, மலவாயைச் சுற்றிய புண், வயிற்றுத் தழும்பு, சிலருக்கு மலம் சேர்வதற்காக வயிற்றில் பொருத்தப்படும் பை ஆகியவை ஒருவர் தம் உடலைப் பார்க்கும் பார்வையையே மாற்றிவிடுகின்றன. அவர் விலகும்போது துணைவர் அதைத் தம்மை வேண்டாமென்று ஒதுக்குவதாக எடுத்துக்கொள்கிறார். துணைவர் கேட்கத் தயங்கும்போது நோயாளி தம் உடல் அருவருப்பாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். பேசுங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள், இது அவர்கள் கேட்டுப் பழகிய கேள்விதான்.

உடனிருப்பவருக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும். வாரத்தில் ஒரு மாலை நான் நண்பர்களுடன் இறகுப்பந்து ஆடச் செல்கிறேன். முதலில் என்னைப் போக வைத்ததும் என் மனைவிதான். "என்னைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒருவரை நானும் கவனித்துக்கொண்டே இருக்க முடியாது" என்றார். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பின்றி, விடிந்தால் போதும் என்ற நினைப்பே வாரக்கணக்கில் நீடித்தால், அது உங்களுக்கு உதவி தேவைப்படும் நிலை. நான் ஓர் உளவியல் ஆலோசகரை எட்டு முறை சந்தித்தேன். முதல் முறை அவர் கேட்ட கேள்வி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்பது. நான் என் மனைவியின் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, அதே கேள்வியை மீண்டும் கேட்டார்.

என் மனைவி மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை 'சுமார்' என்று சொன்னார், ஆயினும் வந்திருக்கிறார். உங்கள் கேள்விகளுக்கு அவரும் பதில் சொல்லச் சம்மதித்திருக்கிறார். இடையில் அவர் எழுந்து வெளியே போனால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நானும் பார்க்க மாட்டேன்.