குளிர்ப்பெட்டியில் வைக்கும் பற்றாசு

நேயர்களுக்கு வணக்கம்.

வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும் என்பது ரசம் வைப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். வாங்கும்போது ஈயம் என்று கேட்டு வாங்கினாலும் அந்தச் சொம்பு காரீயத்தால் ஆனதன்று, வெள்ளீயத்தால் ஆனது; அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். உங்கள் கைப்பேசியின் மின்சுற்றுப் பலகையில் நூற்றுக்கணக்கான உறுப்புகளைப் பிடித்து நிறுத்தியிருக்கும் பற்றாசும் பெரும்பகுதி இதே வெள்ளீயந்தான்.

முன்பு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசே எங்கும் வழக்கில் இருந்தது. அது 183 டிகிரியிலேயே உருகிவிடும். காரீயம் உடலுக்குக் கேடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் பரவலான கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. இது 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும் என்பதால், பற்றாசை உருக்கும் தொழிற்சாலை அடுப்பின் உச்ச வெப்பத்தையும் அதைத் தாங்கவேண்டிய உறுப்புகளின் திறனையும் சேர்த்தே உயர்த்த வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைக்கு இது பசையாக, சிறு டப்பாக்களில் வருகிறது. தலைமுடியைவிட மெல்லிய உலோக மணிகளும் ஃபிளக்ஸ் என்னும் பிசினும் கலந்த சாம்பல் நிறக் குழைவு அது. எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு உலோகம் என்றாலும், கன அளவில் பாதியளவு ஃபிளக்ஸ்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பரப்பில் நவச்சாரம் தூவித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கி ஈயம் ஒட்டுவதற்கு வழிசெய்யும் அதே வேலையை இங்கே ஃபிளக்ஸ் செய்கிறது.

லேசரால் துளையிட்ட, 0.1 மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள எஃகுத் தகட்டைப் பலகைமேல் பொருத்தி, பசையை வழித்துத் துளைகள் வழியே அச்சிடுகிறோம். பிறகு இயந்திரம் உறுப்புகளை அமர்த்த, பலகை, பசையை உருக்கி உறுப்புகளை ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்புக்குள் மெல்ல நகர்ந்து செல்கிறது. அடுப்பு விலை உயர்ந்த கருவியாக இருக்கலாம். ஆனால் பலகையின் ஆயுள் பெரும்பாலும் பசை அச்சாகும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்கால விடியலில், உற்பத்தி நிற்கிறதே என்ற அவசரத்தில் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்துவிட்டேன். காற்றின் ஈரம் குளிர்ந்த பசைமேல் நீராகப் படிந்து, அடுப்புக்குள் ஆவியாகித் தெறித்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, மின்தடைகளின் ஓரமெங்கும் கடுகு சிதறியதுபோல் ஈய உருண்டைகள். அவற்றில் ஒன்று நகர்ந்து உறுப்புகளின் இரு உலோகக் கால்களை இணைத்தாலே குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும். அன்றைய பலகைகள் ஒன்றைக்கூட வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் டப்பாவை வெளியே எடுத்த நேரத்தை மூடியிலேயே எழுதிவிடுகிறோம். நான்கு மணி நேரம் அறை வெப்பத்தில் இருந்த பின்னரே, இரவுப் பணியானாலும், அந்த மூடியைத் திறக்கிறோம்.