வைரம் பாய்ந்த சுவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐம்பத்தொரு ஓக் பலகைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில், சிப்பிங் ஓங்கர் என்ற ஊரை அடுத்து கிரீன்ஸ்டெட் என்றொரு கிராமம். அங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்தின் நடுக்கூடத்துக்கு இந்தப் பலகைகள்தான் சுவர். ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஓக் மரத்தை நீளவாக்கில் பிளந்து, உருண்ட பக்கம் வெளியே தெரியும்படி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். உட்பக்கம் தட்டையாக இருக்கிறது. வாய்ச்சியால் செதுக்கிய தழும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. பலகைக்குப் பலகை காடி வெட்டி, இரண்டு காடிக்கும் நடுவே மெல்லிய மரச் சட்டத்தைச் செருகியிருக்கிறார்கள். காற்று நுழையாது. யார் பெற்ற பிள்ளையோ, பெயர் தெரியாத அந்தத் தச்சனை நான் மனதாரக் கும்பிட்டேன்.

நெடுங்காலம் இதைக் கி.பி. 845ஆம் ஆண்டுக் கட்டடம் என்றே சொல்லி வந்தார்கள். 1995இல் மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தார்கள். மழை செழித்த ஆண்டில் வளையம் அகலமாக விழும், வறண்ட ஆண்டில் ஒடுங்கிவிடும். அந்த வரிசையை, காலம் தெரிந்த வேறு மரங்களின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். இங்கே எஞ்சியிருந்தது மரத்தின் நடுவில் இறுகிய வைரம் மட்டுமே; பட்டையை ஒட்டிய வெளிறும், அதிலிருந்த கடைசி வளையங்களும் போய்விட்டன. அதனால் வெட்டிய ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 1063க்கு முன்னால் வெட்டியிருக்க முடியாது என்பது உறுதியானது. ஒரே ஆய்வில் இருநூறு வயது குறைந்துவிட்டது!

இதில் வருந்த ஒன்றுமில்லை. 869இல் டேனியர்களால் கொல்லப்பட்ட எட்மண்ட் மன்னரின் திருவுடலை 1013இல் லண்டனிலிருந்து பெரி நகருக்குத் திரும்பக் கொண்டுபோனபோது இங்கே இறக்கி வைத்தார்கள் என்பது ஐதீகம். இந்தச் சுவர் அப்போது இல்லையே என்று கேட்கலாம். ஆனால் 1960இல் பலிபீடப் பகுதியின் தரையைத் தோண்டியபோது, அதற்கும் முந்தைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயங்கள் கிடைத்தன. அந்த இடம் இந்தச் சுவரைவிட மூத்தது. ஐதீகம் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

1500 வாக்கில் பலிபீடப் பகுதியைச் செங்கல்லால் எடுத்துக் கட்டினார்கள். 1848இல் செய்த திருப்பணியில், உளுத்துப்போன பலகை அடிகளை அறுத்துவிட்டுச் செங்கல் மேடையில் ஏற்றினார்கள். பழமையைச் சிதைத்துவிட்டதாகக் குறை சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்திராவிட்டால் மிச்சமும் மண்ணாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு நெருக்கமானது வேறொரு செய்தி. டோர்செட் பகுதியில் டால்புடில் என்ற ஊரில், கூலி குறைந்துகொண்டே போனதால் சங்கம் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகளை, இரகசிய உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக 1834இல் ஏழாண்டு நாடுகடத்தினார்கள். நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பி வந்தவர்களில் ஐவர் கிரீன்ஸ்டெட் வட்டாரத்தில் குத்தகை நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரைன். தம்மோடு தண்டனை அனுபவித்த தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839இல் இந்த ஆலயத்தில்தான் கைப்பிடித்தார். அன்றைக்கு அந்த ஓக் பலகைகளின் அடி இன்னும் அறுபடவில்லை.