கடுங்குளிர் நாட்டு ஒயின்: மொட்டும் புளிப்பும்

வணக்கம் நேயர்களே. ஒயின் தயாரிப்பு என்றதும் நொதிக்கும் தொட்டிகளும் ஓக் பீப்பாய்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கடுங்குளிர் நிலவும் பகுதிகளில் இந்த வேலை தோட்டத்தில், அதுவும் கொடி உறங்கும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. என் கையில் இருப்பது இலையுதிர்ந்த திராட்சைக் கொடியிலிருந்து வெட்டிய ஓராண்டுக் குச்சி. இதில் உள்ள ஒரு மொட்டைச் சவர பிளேடால் குறுக்கே மெல்லச் சீவுகிறேன். கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். வெளியிலிருந்து ஒரே மொட்டாகத் தெரிவதற்குள் மூன்று வளர்முனைகள் இருக்கின்றன. நடுவில் பெரிதாக இருப்பதுதான் முதன்மை மொட்டு. வரும் பருவத்தின் விளைச்சலில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வரவேண்டும். இதன் இருபுறமும் இருக்கும் சிறியவை, முதலாவது செத்தால் எழுந்து வருவதற்காகக் கொடி வைத்திருக்கும் மாற்று மொட்டுகள்.

இந்தக் குச்சியில் ஓரத்து மொட்டுகள் இரண்டும் பச்சையாக உள்ளன, நடுமொட்டு பழுப்பாகிவிட்டது. பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் குளிரில் செத்துவிட்டது என்று பொருள். அதிகம் காய்க்கும் முதன்மை மொட்டுதான் குளிருக்கு முதலில் பலியாகிறது என்பது இந்தத் தொழிலின் பெரிய சங்கடம். குச்சிகளை வெட்டியவுடன் சோதித்தால் நிறம் தெளிவாகத் தெரியாது. அறை வெப்பத்தில் ஓரிரு நாள் வைத்திருந்து, பிறகு சீவிப் பார்க்கவேண்டும். இப்படி நூறு மொட்டுகளைச் சோதித்து எத்தனை செத்திருக்கின்றன என்று கணக்கிட்ட பிறகுதான் கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கவேண்டும். சேதம் கூடுதலாக இருந்தால் வழக்கத்தைவிட அதிக மொட்டுகளை விட்டுக் கவாத்து செய்வார்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் பெயரளவுக்கு மட்டுமே வெட்டுவார்கள்.

மொட்டு குளிரைத் தாங்கும் விதம் வியப்புக்குரியது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகி வெப்பம் இறங்கும்போது, மொட்டின் செல்களில் நீர் குறைந்து சர்க்கரை கூடுகிறது. மிச்சமிருக்கும் நீர், பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி சென்ற பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அது சட்டென்று உறைகிறது. அந்தக் கணத்தில் மிகச் சிறிதளவு வெப்பம் வெளிப்படுகிறது. ஆய்வகங்களில் அந்த வெப்பத்தை அளந்துதான் எந்த ரகம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கண்டறிகிறார்கள். இந்தத் தாங்குதிறன் குளிர்காலம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நடுக்குளிர்காலத்தில் சில நாட்கள் வெயில் இதமாக அடித்து, உடனே மீண்டும் கடுங்குளிர் வந்தால், தொடர்ந்து நிலவும் குளிரைவிட அது அதிகச் சேதம் செய்யும்.

ஷார்டொனே, ரீஸ்லிங் போன்ற ஐரோப்பிய ரகங்கள் யாவும் விட்டிஸ் வினிஃபெரா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மைனஸ் 20 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் இவற்றில் பெரும்பாலானவற்றின் மொட்டுகள் சாகத் தொடங்கும். 2024 ஜனவரியில் கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் அதுதான் நடந்தது. திடீரென்று இறங்கிய குளிரில் அவ்வாண்டு விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் போயிற்று. வெளியிலிருந்து திராட்சையும் சாறும் கொண்டுவந்து ஒயின் செய்ய மாகாண அரசு அனுமதிக்க வேண்டியதாயிற்று. இந்த ரகங்களைக் குளிர்ப்பகுதியில் காப்பாற்றச் சில வழிகள் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஏரி 180 மீட்டருக்கும் மேல் ஆழமானது. கோடையில் சேர்த்துவைத்த வெப்பத்தை அது குளிர்காலம் முழுவதும் கரைக்கு விட்டுக்கொண்டிருப்பதால் அதன் சரிவுகளில் ரீஸ்லிங் வளர்கிறது. சீனாவின் நிங்சியாவில் கொடிகளை இலையுதிர் காலத்தில் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடி, வசந்தத்தில் தோண்டி எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் இதற்குச் செலவாகும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. வளைக்கும்போது முறியும் கொடிகளும் உண்டு.

மற்றொரு வழி, குளிரில் பிறந்த கொடியையே பயன்படுத்துவது. வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சையான விட்டிஸ் ரிப்பாரியா மைனஸ் 40 டிகிரியையும் தாங்கக்கூடியது. விஸ்கான்சினில் வாழ்ந்த எல்மர் ஸ்வென்சன் என்ற விவசாயி இந்தக் காட்டு இனத்தையும் ஐரோப்பியக் கலப்பினங்களையும் இணைத்துப் பல ரகங்களை உருவாக்கினார். மினசோட்டா பல்கலைக்கழகம் 1996-இல் ஃபிரான்டினாக், 2002-இல் லா கிரசென்ட், 2006-இல் மார்க்கெட், 2017-இல் இட்டாஸ்கா ஆகிய ரகங்களை வெளியிட்டது. இவை வந்த பிறகுதான் குளிர்காலத்தில் கொடியைப் புதைக்காமலேயே ஒயின் தொழில் நடத்தமுடியும் என்ற நம்பிக்கை அந்தப் பகுதிகளில் வேரூன்றியது. கலப்பினம் என்றாலே மட்டம் என்று ஒதுக்கும் மனப்பான்மை இன்றும் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம்கூட 2021-இல் விதிகளைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட ஊர்ப்பெயர் தாங்கும் ஒயின்களில் இத்தகைய கலப்பினங்களையும் பயன்படுத்த வழிவிட்டது.

கொடி பிழைத்துப் பழமும் கைக்கு வந்த பிறகு, நிலவறையில் உங்களை எதிர்கொள்வது புளிப்பு. திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உண்டு: டார்டாரிக், மாலிக். வெப்பமான ஊர்களில் பழம் முதிரும்போது மாலிக் அமிலத்தைக் கொடியே எரித்துத் தீர்த்துவிடும். குளிர்ந்த இரவுகளில் அது அவ்வளவாக எரிவதில்லை. ரிப்பாரியாவின் வழிவந்த ரகங்களிலோ தொடக்கத்திலேயே அது அதிகம். ஃபிரான்டினாக் பழத்தில் சர்க்கரை 24 பிரிக்ஸைத் தொட்டிருக்கும், அதாவது சாற்றின் எடையில் நூற்றுக்குச் சுமார் 24 பங்கு சர்க்கரை. ஆனால் மொத்த அமிலம் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் நிற்கும். சாப்பாட்டுடன் அருந்தும் சாதாரண ஒயினில் அது 6 முதல் 8 கிராம் வரைதான் இருக்கும். எனவே சர்க்கரை அளவை மட்டும் பார்த்து அறுவடை நாளைக் குறிக்காதீர்கள். அமிலத்தையும் அளந்து, பழத்தை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

புளிப்பைக் குறைக்க நல்ல வழி மாலோலாக்டிக் நொதித்தல். ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதற்குத் தொட்டி 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் நல்லது. குளிர்நாட்டு நிலவறையோ நவம்பரில் பத்து டிகிரிக்கு இறங்கிவிடும். பாக்டீரியா அசையாமல் கிடக்கும். ஒயின் பாதுகாப்பின்றி மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே ஈஸ்டின் நொதித்தல் தரும் சூடு ஆறுவதற்குள் பாக்டீரியாவைச் சேர்த்துவிடுவதும், தொட்டியைப் போர்த்திச் சூடாக வைத்திருப்பதும் புத்திசாலித்தனம். மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை ஈஸ்டே தின்றுவிடும்படி 71பி என்ற வகையைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அதற்கு மேல் கட்டுக்கடங்காத புளிப்பு இருந்தால் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்க்கலாம். அது டார்டாரிக் அமிலத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் ஒரு சிறு பாட்டிலில் சோதித்துப் பாராமல் தொட்டியில் கொட்டவேண்டாம்.

சிவப்பு ஒயின் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கலப்பினப் பழத்திலுள்ள புரதங்கள், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தோலுடன் எத்தனை நாள் ஊறவைத்தாலும் துவர்ப்பு குறைவாகவே இறங்கும். நொதித்தலின் தொடக்கத்தில் நீங்கள் சேர்க்கும் டானினில் பெரும்பகுதியும் அந்தப் புரதத்துடன் ஒட்டி, கசடாகி அடியில் போய்விடும். இந்தப் பழங்களில் கனமான சிவப்பு ஒயினைத் தேடி அலைவதைவிட, இளஞ்சிவப்பு ரோஸே ஒயினாகவோ துவர்ப்பு குறைந்த இலகுவான சிவப்பாகவோ செய்வதே அவற்றுக்கு மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐஸ் ஒயினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொடியிலேயே உறைந்த பழத்தை உறைந்த நிலையிலேயே பிழிவது அதன் முறை. நீர் பனிக்கட்டியாகப் பின்தங்க, சர்க்கரையும் அமிலமும் செறிந்த சொற்பச் சாறு மட்டும் வெளிவரும். கனடாவில் மைனஸ் 8 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும்போதுதான் பறிக்கலாம். சாறு 35 பிரிக்ஸ் இருக்கவேண்டும். ஜெர்மனியில் எல்லை மைனஸ் 7. 2019-ஆம் ஆண்டுப் பழத்துக்கு அந்தக் குளிர் கிடைக்காமல், ஜெர்மனியில் எங்குமே ஐஸ் ஒயின் அறுவடை நடக்கவில்லை. குளிரை நம்பிச் செய்யும் தொழிலுக்குக் குளிர் வராததும் ஆபத்துதான்.

புளிப்பை எதிரியாக நினைக்காமல் அதையே மூலதனமாக்கும் வழி நுரைக்கும் ஒயின். ஷாம்பெயின் பகுதியின் புகழுக்கும், தென் இங்கிலாந்தின் அண்மைக்கால எழுச்சிக்கும் அடிப்படை இந்தக் குளிர்ந்த புளிப்புதான். இதற்குப் பழத்தைச் சீக்கிரமே, 18 அல்லது 19 பிரிக்ஸில் பறிக்கலாம் என்பதால், இலையுதிர்கால உறைபனிக்கு முன்பே அறுவடை முடிந்துவிடும். கொடிக்கும் குளிருக்குத் தயாராகக் கூடுதல் வாரங்கள் கிடைக்கும். முதல் நொதித்தலில் கிடைக்கும் அடிப்படை ஒயின் பத்து, பதினோரு சதவீத ஆல்கஹாலில் நிற்கட்டும். பாட்டிலில் இரண்டாம் நொதித்தலுக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்தால் உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம் உருவாகும். சாதாரண ஒயின் பாட்டில் அதைத் தாங்காமல் வெடிக்கும். எனவே நுரைக்கும் ஒயினுக்கென்றே செய்த தடித்த பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள், திறக்கும்போது கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.